வாசகர் கேள்வி - பதில்: சுவரில் மாட்டும் தொடுதிரை, கையைக் கடிக்காத விலையில்

கேள்வி: எங்கள் நாலறை வீட்டில் விளக்கு, மின்விசிறி, ஏர்கான் எல்லாம் ஹோம் அசிஸ்டண்ட் என்ற வீட்டு இயக்க மென்பொருளில் ஓடுகின்றன. ஆனால் அம்மாவும் பணிப்பெண்ணும் கைப்பேசியில் செயலியைத் தேடித் திறக்க மாட்டேன் என்கிறார்கள். வாசல் பக்கச் சுவரில் ஒரு திரை இருந்தால் நல்லது. ரெனோவேஷன்காரர் காட்டிய பேனல் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டுகிறது. 250 வெள்ளிக்குள் உருப்படியாக ஏதாவது உண்டா? (பொங்கோல் வாசகி)

பதில்: உண்டு. உங்கள் வீட்டுக்கு மூளை ஏற்கெனவே இருக்கிறது. ஹோம் அசிஸ்டண்ட் ஓடும் சின்னப் பெட்டிதான் அது. சுவரில் மாட்டப்போவது முகம் மட்டும். ஒரு வலைப்பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் காட்டினால் போதும். ஆயிரம் வெள்ளி பேனலில் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது மூளைக்கும், சுவரோடு ஒட்டிய அழகுக்கும்தான்.

8 அல்லது 9 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றை வாங்குங்கள். ரேம் 4 ஜிபி இருக்கட்டும். 2 ஜிபியிலும் பக்கம் திறக்கும்தான். ஆனால் தொட்டு இரண்டு விநாடி கழித்து விளக்கு எரிந்தால், அம்மா அதற்குள் மறுபடி தொட்டிருப்பார், எரிந்த விளக்கு அணைந்துவிடும். ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே போகாதீர்கள். குரோம் 2023 இறுதியில் ஆண்ட்ராய்டு 7ஐயும், 2025இல் 8, 9 இரண்டையும் கைவிட்டது. உலாவி புதுப்பிக்கப்படாமல் நின்றுபோன டேப்லெட்டில் ஒரு நாள் உங்கள் முகப்புப் பக்கம் வெறும் வெள்ளையாகத் திறக்கும். திரை ஐபிஎஸ் எல்சிடியாக இருக்கட்டும். நாள் முழுக்க ஒரே பொத்தான்கள் ஒரே இடத்தில் நிற்கும்போது ஓலெட் திரையில் தழும்பு விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பேட்டரியை 80 அல்லது 85 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு அதில் இருக்கிறதா என்பது. பல சாம்சுங் டேப்லெட்டுகளில் உண்டு. கடையில் வாங்கினால் காட்சிக்கு வைத்திருப்பதில் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது அடுத்த கேள்வியில் விளங்கும்.

கரோசல் விற்பனைத் தளத்தில் பழையதை வாங்குவதானால், திரை கீழே பார்க்க மேசையில் கிடத்தி ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். ஆடினால் முதுகு உப்பியிருக்கிறது, விட்டுவிடுங்கள். முந்தைய உரிமையாளரின் கூகல் கணக்கு நீக்கப்பட்டு, முழுதும் அழிக்கப்பட்டு, புதிதுபோல் தொடங்குகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். பூட்டிக்கொண்டால் பிறகு அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மாட்டிய பிறகு ஃபுல்லி கியோஸ்க் பிரவுசர் செயலியைப் போடுங்கள். முழுத்திரையில் உங்கள் பக்கத்தை மட்டும் காட்டும். தவறிக்கூட வெளியேற முடியாதபடி பூட்டும் வசதிக்கும், ஆள் அசைந்தால் திரையை எழுப்பும் வசதிக்கும் ஒரு டேப்லெட்டுக்கு ஒரு முறை கட்டணம் உண்டு, கொடுக்கலாம். ஆனால் அசைவைப் பார்த்து எழுப்பும் வசதி முன்பக்கக் கேமராவை எப்போதும் திறந்து வைத்தே வேலை செய்கிறது. அதனால் டேப்லெட் சூடாகும். படுக்கையறையில் யாருக்கும் பிடிக்காது. வாசல் பக்கம் ஏற்கெனவே ஓர் அசைவு உணரி இருந்தால் அதை வைத்தே எழுப்பிவிடலாம், கேமராவைத் தொட வேண்டாம்.

ஹோம் அசிஸ்டண்டில் டேப்லெட்டுக்கென்று நிர்வாக உரிமை இல்லாத தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து மாட்டிவிட்டால், வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அமைப்புகள் பக்கம் வரை போய்விடுவார்கள். பொத்தான்கள் எட்டுக்கு மேல் வேண்டாம். பெரிதாக, தமிழிலேயே பெயரிட்டு வையுங்கள். நின்று பார்ப்பவர்களுக்குத் திரையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டரில் இருந்தால் வசதி. வீட்டில் சக்கர நாற்காலி இருந்தால் 1.1 மீட்டருக்கு இறக்குங்கள்.

கேள்வி: பழைய டேப்லெட் ஒன்றைச் சுவரில் மாட்டி, சார்ஜரை எடுக்காமலே வைத்திருந்தேன். ஒரு வருடம் நன்றாக ஓடியது. இப்போது திரையின் ஓரம் சட்டத்தை விட்டு மேலே எழும்பியிருக்கிறது. அழுத்தினால் உள்ளே போகிறது. சரிசெய்ய முடியுமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: அழுத்தாதீர்கள். அது பேட்டரி வீங்கியது. மின்சாரத்தைத் துண்டித்து, டேப்லெட்டை அணைத்து, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பைக் குழாயில் போடவே கூடாது. கடைத்தொகுதி மின்கழிவுத் தொட்டியிலும் வீங்கியதை நேராகத் தள்ளிவிடாமல், சேகரிப்பாளரிடம் எப்படி ஒப்படைப்பது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: முழுதாக நிரம்பிய நிலையிலேயே கிடப்பது, சூடு. நம் ஊரில் மதியம் 31, 32 டிகிரி சாதாரணம். ஏர்கான் இல்லாத கூடம், மேற்கு வெயில் விழும் சுவர், பின்னால் காற்றுப் போகாத சட்டம், இவற்றோடு எந்நேரமும் 100 விழுக்காடு என்றால் உள்ளே வேதிவினை நடந்து வாயு சேரும். அதுதான் முதுகை உப்ப வைக்கிறது.

அடுத்த டேப்லெட்டில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் சார்ஜரை ஹோம் அசிஸ்டண்ட் போட்டு அணைக்கக்கூடிய ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகுங்கள். டேப்லெட்டில் ஹோம் அசிஸ்டண்ட் செயலி இருந்தால் பேட்டரி அளவு தானாக வந்துவிடும். 35க்குக் கீழே போனால் பிளக்கைப் போடு, 70ஐத் தாண்டினால் அணை என்று இரண்டு விதிகள் எழுதுங்கள்.

இத்தோடு நிறுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிளக் அணைந்திருக்கும் நேரத்தில் வைஃபை விழுந்தால் டேப்லெட் தன் அளவைச் சொல்ல முடியாது. சொல்லாததால் விதி ஓடாது. சார்ஜ் தீர்ந்து செத்துப்போன டேப்லெட் எந்தக் காலத்திலும் ‘35’ என்று சொல்லப்போவதில்லை. அதனால் மூன்றாவது விதி ஒன்று அவசியம்: பேட்டரித் தகவல் அரை மணி நேரம் வராமல் போனால் பிளக்கைப் போட்டுவிடு. ஹோம் அசிஸ்டண்ட் மறுபடி தொடங்கும்போதும் பிளக்கைப் போட்டுவிடு என்று அதிலேயே சேர்த்துவிடுங்கள். தேவைக்கு மேல் ஏறினாலும் 70ஐத் தாண்டும்போது இரண்டாவது விதி பார்த்துக்கொள்ளும்.

சுவருக்கும் டேப்லெட்டுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி விடும் தாங்கியே நல்லது. சுவரைக் குடைந்து டேப்லெட்டை உள்ளே பதிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சூடும் போகாது, நாலு வருடம் கழித்து அதே அளவு டேப்லெட் கிடைக்காமல் சுவரில் ஓட்டைதான் மிஞ்சும்.

கேள்வி: சார்ஜ் ஏறுவதாகத் திரையில் காட்டுகிறது, ஆனால் மாலைக்குள் பேட்டரி 20க்கு இறங்கிவிடுகிறது. அடாப்டர் புதிது. டிரங்கிங் (சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் கம்பிக்குழாய்) வழியாக 3 மீட்டர் யுஎஸ்பி கேபிள் ஓடுகிறது. (செங்காங் வாசகர்)

பதில்: கேபிள்தான். மலிவான யுஎஸ்பி கேபிள்களில் மின்கம்பி 28 கேஜ் அளவுக்கு மெலிதாக இருக்கும் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிது). அதன் தடை மீட்டருக்கு 0.21 ஓம். போக 3, வர 3 என்று 6 மீட்டருக்கு ஏறக்குறைய 1.3 ஓம். 1 ஆம்பியர் இழுத்தால் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். அடாப்டரில் 5 வோல்ட்; டேப்லெட்டுக்குப் போய்ச் சேருவது 3.7. டேப்லெட் உடனே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். திரை தின்பதைவிட வருவது குறைவு என்பதால் பேட்டரி இறங்குகிறது. 22 கேஜ் கம்பியில் இதே தூரத்துக்கு 0.3 வோல்ட்தான் இழப்பு.

உறுதிசெய்ய, ஒரு மாலை மட்டும் அரை மீட்டர் கேபிளில் போட்டுப் பாருங்கள். ஏறினால் 20 அல்லது 22 கேஜ் என்று எழுதியிருக்கும் கேபிளை வாங்கி மாற்றுங்கள். இல்லையேல் 230 வோல்ட் இணைப்பைத் திரைக்கு அருகே கொண்டுவந்து, கேபிளை அரை மீட்டரோடு நிறுத்தலாம். அது மின்பணியாளர் வேலை. திரைக்குப் பக்கத்தில் டேட்டா பாயிண்ட் (இணையக் கேபிள் செருகுமிடம்) இருந்தால், அந்தக் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ வழியும் உண்டு: ரூட்டர் பக்கம் ஒரு பிஓஇ இன்ஜெக்டர், திரைப் பக்கம் 5 வோல்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்பிளிட்டர். சாதாரண 802.3ஏஎஃப் வகையில் முனையில் 12.95 வாட் கிடைக்கும், டேப்லெட்டுக்குத் தாராளம்.

அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். வருடம் முழுக்க அணையாமல் கிடக்கப்போகும் பொருளில் ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்க வேண்டாம். மின்கட்டணம் பெரிதாக வராது: 5 வாட் வீதம் மாதம் 3.6 யூனிட், யூனிட் 30 காசு என்றால் ஒரு வெள்ளிக்குச் சற்று மேல்.

கேள்வி: டேப்லெட் வேண்டாம், இருக்கும் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சோனாஃப் என்எஸ்பேனல் என்ற சிறு தொடுதிரைப் பேனலை மாட்டலாமா? எங்களுடையது பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. நானே மாட்டிவிட முடியுமா? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: நீங்களே வேண்டாம். 230 வோல்ட் இணைப்பை மாற்றும் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். உரிமத்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சிக்கல். இந்தப் பேனல்களுக்கு நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) தேவை. பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு லைவும் விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டுமே வந்திருக்கும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே பேனலுக்குக் காசு கட்டுங்கள். நம் ஊர்ப் பெட்டி 86 மில்லிமீட்டர் சதுர முகப்புக்கானது. அமெரிக்க நீள்சதுர வகையை விலை மலிவு என்று வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பெட்டியின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

என்எஸ்பேனல் வேறு, என்எஸ்பேனல் புரோ வேறு. முதலாவதில் 3.5 அங்குலத் திரையோடு இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கிறது, விளக்கை நேரடியாக அணைத்துப் போடும். புரோவில் 3.95 அங்குலத் திரையும் ஸிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பும் உண்டு, ரிலே கிடையாது. சுவிட்ச் இருந்த இடத்தில் புரோவை மாட்டினால் அந்த விளக்குக்கு வேறு ரிலே வைக்க வேண்டும். புரோவில் ஹோம் அசிஸ்டண்ட் முகப்பு வர டெவலப்பர் வசதியைத் திறந்து செயலியை நாமே ஏற்ற வேண்டியிருக்கும். முதலாவதின் ரிலே விளக்குக்கு மட்டும். வாட்டர் ஹீட்டரை அதில் கோக்கவே கூடாது. 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும்.

கேள்வி: பாதுகாப்பு அறை (வீட்டுக்குள் இருக்கும் அவசரகால அடைக்கல அறை) சுவரில்தான் இடம் இருக்கிறது. அதில் துளையிட்டு மாட்டலாமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: வேறு சுவர் பாருங்கள். பாதுகாப்பு அறையின் சுவரை உடைக்க விதிகள் இடம் கொடுப்பதில்லை, துளையிடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கனமான கான்கிரீட்டும் இரும்புக் கதவும் வைஃபையையும் விழுங்கும். ரூட்டர் அறைக்குள்ளே இருந்தால் வெளியே உள்ள திரை அடிக்கடி துண்டிக்கும். சாதாரணக் கான்கிரீட் சுவரென்றால் ஹேமர் டிரில்லில் 6 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், நாலு திருகு போதும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள், கம்பி அங்கேதான் ஓடும். சத்தம் வரும் வேலை, ஞாயிறன்று வேண்டாம்.

கேள்வி: பாலிடெக்னிக் மாணவன். 20 வெள்ளிக்குள் நானே செய்ய ஆசை. எந்தப் பலகை? (ஈசூன் வாசகர்)

பதில்: மஞ்சள் நிறத்தில் வரும் 2.8 அங்குலத் திரையுள்ள இஎஸ்பி32 சில்லுப் பலகை. 320க்கு 240 புள்ளிகள், அழுத்தித் தொடும் வகைத் திரை. இந்தப் பலகையை ஹோம் அசிஸ்டண்டோடு இணைக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளின் 2024.8 பதிப்பிலிருந்து, திரையில் படம் வரையும் எல்விஜிஎல் வந்துவிட்டதால் பொத்தான், சறுக்கி எல்லாம் சில வரிகளில் வரும். நினைவகம் குறைவு; பின்னணிப் படம் வைத்தால் இடம் போதாமல் திணறும்.

தமிழ்ப் பெயர்கள் அப்படியே வராது. எல்விஜிஎல் தமிழ் எழுத்துகளை வரிசை மாற்றிக் கோப்பதில்லை. ‘வெந்நீர்’ என்று எழுதினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பெயர்களைக் கணினியில் சின்னப் படங்களாகச் செய்து, ஒரே நிறத்தில் ஏற்றுங்கள், நினைவகமும் தாங்கும்.