மணிக்குக் கால் உண்டா?

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மணி ஒன்றேகால் ஆச்சு, சாப்பிட வா என்றேன். மணிக்குக் கால் இருக்காம்மா என்கிறாள். சிரித்துச் சமாளித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் எனக்கே குழப்பம். நடக்கிற கால், கால் கிலோ, பந்தக்கால், வாய்க்கால் எல்லாம் ஒரே சொல்லா? பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கால்சட்டையா, காற்சட்டையா என்பதையும் சொல்லிவிடுங்கள்."

மணிக்குக் கால் இருக்கத்தான் செய்கிறது அம்மா. நடக்கிற காலும் கால் கிலோவில் உள்ள காலும் ஒரே சொல்தான். ஆடு, மாடு, கட்டில் என்று எதைப் பார்த்தாலும் கால் நான்கு. அதில் ஒன்று என்றால் நாலில் ஒரு பங்கு. கணக்கு அங்கிருந்துதான் வந்தது. மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே சொல்லுக்கு இதே இரண்டு பொருளும் உண்டு. வடமொழியில் 'பாதம்' என்பதும் அப்படியே. காலடியும் அதுதான், நாலில் ஒன்றும் அதுதான். இந்தி பேசுகிறவர்கள் கால் கிலோவைப் 'பாவ்' என்பது அந்த வழியில் வந்தது.

பிள்ளைக்குச் சொல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். அதைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு காலைப் பிடித்தால் கால். மூன்றைத் தொட்டு எண்ணினால் முக்கால். நாலும் சேர்ந்தால் முழுசாக ஒன்று. இரண்டைப் பிடிக்கும்போது அவள் 'இருகால்' என்று சொன்னால் திட்டாதீர்கள், அவள் கணக்கு சரி. ஆனால் அந்த இடத்தில் 'அரை' வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கும் உடம்பில் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அரை என்றால் இடுப்பு. குழந்தைக்குக் கட்டுகிறோமே அரைஞாண் கயிறு, அந்த அரைதான் இது. உடம்பின் நடு இடுப்பு, ஒன்றின் பாதி அரை. எனக்கு இந்தச் சோடி ரொம்பப் பிடிக்கும்: இடுப்பில் பாதி, காலில் கால்வாசி என்று உடம்பிலேயே பின்னம் இருக்கிறது.

அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. காலே அரைக்கால் என்றால் எட்டில் மூன்று. பழைய வாய்பாடு தெரிந்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் மாகாணி, வீசம் என்று இன்னும் கீழே இறங்கிப் போவார். காலணா என்பது அணாவில் கால். ரூபாய்க்கு 64 காலணா. காசு போய்விட்டது, "காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை" என்ற வசவு மட்டும் நிற்கிறது. கால் ரூபாயான 25 பைசாவும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது, ஆகவே உங்கள் மகள் அதைப் பார்த்திருக்க மாட்டாள்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். தமிழ் எண்களில் எட்டுக்குக் குறி 'அ' போல இருக்கும், காலுக்குக் குறி 'வ' போல. ஒருமுறை கம்பர், "ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி" என்று 'அடி' போட்டு ஔவையாரிடம் விடுகதை கேட்டாராம். விடை ஆரைக்கீரை: ஒரே தண்டு, உச்சியில் நாலு இலை. ஔவை திருப்பிக் கொடுத்த வெண்பா "எட்டேகால் லட்சணமே" என்று தொடங்கும். எட்டும் காலும் சேர்த்துப் படித்தால் 'அவ'. மீதியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வியில் கால் தண்டு, பதிலில் கால் எண். நடந்ததோ இல்லையோ, கதை கட்டியவருக்குச் சொல்லின் சூட்சுமம் தெரிந்திருக்கிறது.

பந்தக்கால், முகூர்த்தக்கால், கட்டில் கால் எல்லாம் பொருளைத் தாங்கி நிற்பதால் கால். 'கா' எழுதும்போது பக்கத்தில் போடுகிற துணைக்காலும் அந்த வகைதான். திருக்குறளில் "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்று வருகிறதே, அங்கே கால் என்பது சக்கரம். தேர் அதில்தானே நடக்கிறது!

வாய்க்காலை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். அங்கே கால் என்றால் நீர் ஓடும் வழி. காலுதல் என்று ஒரு வினையும் தமிழில் உண்டு, வெளியே விடுதல், கக்குதல் என்று பொருள். வாய்க்கால், கால்வாய் இரண்டிலும் அதே இரண்டு சொற்கள்தான், முன்பின்னாக மாறியிருக்கின்றன. வயலுக்குப் போவதை வாய்க்கால் என்றும் சூயஸைக் கால்வாய் என்றும் வழக்கம் பிரித்துக்கொண்டது. செய்யுளில் கால் என்றால் காற்றும் உண்டு. 'வளங்குன்றிக் கால்' என்று குறளில் முடிவது 'குன்றினால்' என்ற பொருளில். இதையெல்லாம் ஏழு வயதில் கொட்ட வேண்டாம், எட்டாம் வகுப்பில் தானாக வரும். 'கால் பண்ணு' என்று போனை நீட்டினால் அது ஆங்கிலச் சொல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சரி, கால்சட்டை. ல்-ஐ அடுத்து வல்லினம் வந்தால் அந்த ல், ற் ஆகும் என்பது புணர்ச்சி விதி, அதன்படி காற்சட்டை. இலங்கையில் இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் காற்பந்து. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் கால்பந்து, கால்சட்டை. இரண்டும் தப்பில்லை, பள்ளிப் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே அவள் எழுதட்டும். நால் என்பதோடு காலி சேர்ந்த நாற்காலியை மட்டும் எந்த ஊரிலும் 'நால்காலி' என்று எழுதிப் பார்த்ததில்லை.