மலை எங்கே, கடல் எங்கே?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃப்ராங்கென்தாலரின் 'மலைகளும் கடலும்' ஓவியத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் படத்தைத் தேடிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று அங்கங்கே கறை. மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. தரையில் துணியை விரித்து, மனம் போனபடி வண்ணத்தை ஊற்றினார் என்கிறீர்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று படித்து வளர்ந்தவன் நான். ஊற்றுவதில் என்ன பழக்கம்? கை தவறிக் கொட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

கைப்பழக்கம் என்ற சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1952 ஆகஸ்டில் ஃப்ராங்கென்தாலர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். அங்கே கேப் பிரெட்டனில் காடடர்ந்த மலைகள் கடலை ஒட்டியே நிற்கும். கண்ணெதிரே இருந்ததைப் பார்த்துப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்தார். நியூயார்க் திரும்பி, அக்டோபர் 26 அன்று வரைந்ததுதான் நீங்கள் பார்த்த ஓவியம். அப்போது அவருக்கு வயது 23. அந்த நிலக்காட்சிகள் தன் கைகளுக்குள் இருந்தன என்று பின்னாளில் சொன்னார். நீங்கள் கேட்ட பழக்கம் அதுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கரிக்கோடுகள் தெரியும். முதலில் கோடு, அப்புறம்தான் வண்ணம். சில இடங்களில் வண்ணம் கோட்டோடு ஒட்டிப் போகும், பல இடங்களில் தாண்டிவிடும்.

துணியைத் தரையில் விரிப்பதை இன்னொரு அமெரிக்க ஓவியரான ஜாக்சன் பொல்லாக்கிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் பொல்லாக்கின் வண்ணம் துணிமேல் நூல் நூலாகக் கிடக்கும். இவர் எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து, அடிப்பூச்சு தடவாத பருத்தித் துணியில் ஊற்றினார். துணி அதைக் குடித்துவிடும்.

நான் ஒருமுறை காடாத்துணியில் இதைச் செய்து பார்த்தேன். ஒரு கரண்டி நீலம் உள்ளங்கை அளவுக்குப் பரவி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நீலத்தைச் சுற்றி எண்ணெய் தனியே கசிந்து, வடை வைத்த காகிதம் மாதிரி மங்கலாக ஒரு வளையம். அழிக்க முடியாது, சுரண்ட முடியாது. மேலே பூசி மறைத்த இடம் மட்டும் செத்துப்போய்த் தெரிந்தது. அடுத்த கரண்டியை எங்கே விடுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். கை தவறிக் கொட்டியவருக்கு அந்தத் தயக்கம் வராது. வண்ணம் எவ்வளவு பரவும் என்பதைத் துணிதான் முடிவுசெய்யும். எங்கே ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதை ஓவியர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஏழடிக்குப் பத்தடித் துணியில் எவ்வளவு இடத்தை அவர் வெறுமனே விட்டிருக்கிறார் என்று பாருங்கள். 23 வயதில் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

1953இல் மாரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் என்ற இரண்டு ஓவியர்கள் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்து இதைப் பார்த்தார்கள். இருவரின் ஓவியமும் அதன்பின் மாறிவிட்டது. எண்ணெய் நாளடைவில் துணியை அரிக்கும் என்பது இந்த முறையின் குறை. 1960களில் ஃப்ராங்கென்தாலரே எண்ணெயை விட்டு, நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார்.

சரி, மலை எங்கே? ஒன்று செய்யுங்கள். நான்கு நாள் காலையில் உங்கள் ஊர்ப் புது ஆற்றின் கரையில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப்பெட்டியில் ஆற்றை வரையுங்கள். இரண்டு மாதம் கழித்து, அந்தப் படங்களைப் பார்க்காமல், ஈரத்துணியில் வண்ணத்தை ஊற்றிப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். படத்தையும் அனுப்புங்கள்.