ஃபோனிக்ஸா, முழுச்சொல்லா?

யூகேஜி பிள்ளைக்கு ஆங்கிலம் வாசிக்க ஃபோனிக்ஸ் (எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கப் பழக்கும் முறை) நல்லதா, சொற்களை முழுதாகப் பார்த்துப் பழக்குவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது பல பத்தாண்டுச் சண்டை. எழுத்துக்குரிய ஒலியை முறையாகச் சொல்லிக்கொடு என்றது ஒரு தரப்பு. கதைப் புத்தகத்தைக் கொடு, தெரியாத சொல்லைப் படத்தை வைத்து ஊகிக்கட்டும் என்றது இன்னொன்று.

2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளை அலசி, முறையான ஒலிப் பயிற்சிக்குப் பலன் உண்டு என்றது. இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதற்கென்றே ஒரு சோதனை நடக்கிறது. 40 சொற்கள், அதில் 20 பொருளே இல்லாத போலிச் சொற்கள், பக்கத்தில் ஏதோ ஒரு விசித்திரப் பிராணியின் படம்! மனப்பாடம் அங்கே செல்லாது.

என் கருத்தும் ஃபோனிக்ஸ்தான். ஊகித்தே பழகிய பிள்ளை, படமில்லாத புத்தகம் வந்ததும் திணறும். எண்ணைக் குறிக்கும் ‘one’ மாதிரி ஒலியும் எழுத்தும் ஒட்டாத சொற்களைப் பார்த்துப் பழக்கலாம். ஆனால் ஒலி தெரிந்தால் மட்டும் போதாது, பொருளும் புரியவேண்டும். அதனால் இரவில் கதை வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள்.

தமிழில் தொல்லை வேறு மாதிரி. ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். அப்புறம் ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’: மூன்றிலும் ககரம் ஒலிப்பது மூன்று விதம்.