பெடல் இல்லாத வண்டியில் எது கருகுகிறது?

கேள்வி: பெங்களூர் மடிவாளாவில் இருக்கிறேன். என்னுடையது ஏ.எம்.டி. கார். சில்க் போர்டு மேம்பாலம் ஏறும்போது நெரிசலில் கருகிய வாசனை வருகிறது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்சே கிடையாதே?

பதில்: கிளட்ச் இருக்கிறது சார், கருகுவதும் அதுதான். கிளட்ச் பெடல்தான் கிடையாது. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்க உங்கள் இடது கால் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி செய்கிறது, அவ்வளவுதான். மேட்டில் பிரேக் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் தட்டு பாதி ஒட்டி, பாதி வழுக்கிச் சூடேறும். பெங்களூரில் ஏ.எம்.டி. ஓட்டுகிற பலரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. பிரேக்கை அழுத்தி நில்லுங்கள். நிறைய நேரம் நிற்க வேண்டுமென்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக்.

கியர் ஆயிலையும் பாருங்கள். ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைக்காரர் "ஜி.எல்.5 இன்னும் உசத்தி" என்பார். ஜி.எல்.4, ஜி.எல்.5 என்பவை கியர் ஆயிலின் வகைக் குறியீடுகள். கையேட்டில் ஜி.எல்.4 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஜி.எல்.5-இல் அதிகமாக உள்ள கந்தக வகைச் சேர்மானங்கள் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை (கியர் உராயாமல் மாற உதவுபவை) அரிக்கக்கூடும்.

அப்புறம், எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கும். தட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே, தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு ஸ்கேனர் வைத்து, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்ற அளவீட்டை வண்டியின் கணினியில் புதிதாகப் பதிய வேண்டும். அது இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.