ஸ்டேட் டாக்ஸ் ரிட்டர்னில் நன்கொடை கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறோம். 2025-ஆம் ஆண்டு ரிட்டர்னை இந்த முறை நானே சாஃப்ட்வேரில் போடுகிறேன். கலிஃபோர்னியா பகுதி முடியும் இடத்தில், ஏதாவது நிதிக்கு நன்கொடை தர விருப்பமா என்று கேட்டு நீளமாக ஒரு பட்டியல் வருகிறது. கட்டிய வரியிலிருந்து ஒதுக்குவார்களா, இல்லை ரீஃபண்டில் பிடிப்பார்களா? ஃபெடரல் படிவத்தில் 3 டாலர் பெட்டியை டிக் செய்தபோது ரீஃபண்ட் குறையவில்லை. அரிசோனாவில் இருக்கும் என் மச்சான், "கொடுக்கிறது அப்படியே வரியில் கழிஞ்சிடும்" என்கிறார். இது ஊரில் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பிரிவு போன்றதா? நேரடியாகக் கொடுப்பது நல்லதா? ஆகஸ்டில் வேலை நியூஜெர்சிக்கு மாறுகிறது. அங்கேயும் இது உண்டா?

பதில்: ரீஃபண்டில்தான் பிடிப்பார்கள். அந்தப் பட்டியலில் எந்த நிதிக்கு எதிரே எவ்வளவு போடுகிறீர்களோ, அவ்வளவும் உங்கள் பணம். ரீஃபண்ட் வருகிறவர்களுக்கு அது குறையும், வரி கட்ட வேண்டியவர்களுக்குக் கட்டவேண்டிய தொகை அந்த அளவு கூடும்.

ஃபெடரல் படிவத்தின் 3 டாலர் பெட்டி வேறு வகை. அது அதிபர் தேர்தல் பிரசார நிதிக்கானது. அரசுக்கு ஏற்கெனவே வந்த பணத்தில் 3 டாலரை அந்த நிதிக்கு ஒதுக்கச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். டிக் செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்கள் வரி மாறாது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதால் ஸ்டேட் பட்டியலும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அடையாளம் சுலபம்: வெறுமனே டிக் செய்யச் சொன்னால் பெரும்பாலும் ஒதுக்கீடு. தொகையை நீங்களே எழுத வேண்டியிருந்தால் அது உங்கள் பையிலிருந்து போகிற நன்கொடை.

உங்கள் கலிஃபோர்னியா வரிப்படிவமான ஃபார்ம் 540-ஐ எடுத்துக்கொள்வோம். வரி, பிடித்தம் எல்லாம் கணக்குப் போட்டு 99-ஆம் வரியில் (லைன் 99) 640 டாலர் மிச்சம் என்று வருகிறது. கோட் 407-ல், அதாவது குடும்பங்களுக்கான அவசர உணவு நிதியில், 25 டாலர் போடுகிறீர்கள். கோட் 401, அல்சைமர் நோய் நிதியில் 15 டாலர். 110-ஆம் வரியில் மொத்த நன்கொடை 40 என்று வரும். 115-ஆம் வரியில் ரீஃபண்ட் 600 ஆகிவிடும். ஒவ்வொரு நிதிக்கும் குறைந்தது 1 டாலர், சில்லறை இல்லாமல் முழு டாலராக இருக்க வேண்டும். கோட் 400 மட்டும் 65 வயது ஆனவர்களே கொடுக்கக்கூடிய மூத்தோர் நிதி. நீங்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சாஃப்ட்வேரில் இதைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியா சட்டப்படி இந்த நன்கொடையை அந்த ஆண்டுக்கான முதல் ரிட்டர்னில்தான் குறிப்பிட முடியும், குறிப்பிட்டபின் திரும்பப் பெற முடியாது. கோயில் உண்டியலில் போட்ட மாதிரிதான். 25 போட நினைத்து 250 என்று தட்டிவிட்டு, பிறகு திருத்திய ரிட்டர்ன் போட்டு மீட்கலாம் என்றால் நடக்காது. அதனால் ஈ-ஃபைல் பொத்தானை அழுத்துமுன் பிடிஎஃப்-ஐத் திறந்து 110-ஆம் வரியை ஒருமுறை பாருங்கள். வேறொருவர் உங்களுக்காக ரிட்டர்ன் போட்டாலும் கையெழுத்துக்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தொகையை எழுதிவிட்டு எந்த நிதிக்கு என்று சொல்லாமல் விட்டால், அந்தப் பணம் மாநிலத்தின் பொது நிதிக்குப் போய்விடும். சாஃப்ட்வேரில் இது நேர வாய்ப்புக் குறைவு, காகிதத்தில் நிரப்புகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. இன்னொன்று, கலிஃபோர்னியாவின் வரித்துறையான ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் போர்டு உங்கள் கணக்கைச் சரிபார்க்கும்போது நீங்கள் கட்டியதும் பிடித்ததும் வரித்தொகையைத் தாண்டவில்லை என்று தெரிந்தால், நன்கொடையே குறிப்பிடாத மாதிரி எடுத்துக்கொள்வார்கள். தாண்டுகிறது, ஆனால் எழுதிய நன்கொடை முழுவதற்கும் போதவில்லை என்றால், இருப்பதை நிதிகளுக்கு விகிதப்படி பிரிப்பார்கள். வரி கட்ட வேண்டியவர்கள் நன்கொடையையும் சேர்த்து முழுத் தொகையைக் கட்டினால்தான் அது உரிய இடத்துக்குப் போகும்.

இனி உங்கள் மச்சான் சொன்னது. அவர் தவறாகச் சொல்லவில்லை, அவருடைய மாநிலத்தைப் பற்றிச் சொல்கிறார். தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால், ஒரு வரம்பு வரை, கொடுத்த டாலருக்கு டாலர் அரிசோனா வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். அது வரி க்ரெடிட். நீங்கள் ஸ்டேட் படிவத்தில் பார்ப்பது அதுவல்ல. கலிஃபோர்னியாவில் 40 டாலர் போட்டால் வரி 40 டாலர் குறையாது. வருமானத்தில் கழிக்கலாம், அதுவும் சில நிபந்தனைகளோடு. அந்த வகையில் இது 80ஜி-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி எப்படி வருமானத்தைக் குறைக்கிறதோ, அது போல. நன்கொடையில் பாதிதான் கழியும், முழுவதும் கழியும் என்று 80ஜி-யில் இருக்கும் பிரிவினை இங்கே கிடையாது.

எந்த ஆண்டில் கழிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 2025 ரிட்டர்னில் எழுதியதால் 2025 கணக்கு என்று தோன்றும். ஆனால் பணம் கைமாறுவது நீங்கள் ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் 2026-ல். ஆகவே அது 2026-ஆம் ஆண்டு நன்கொடை. 2027 வசந்த காலத்தில் ரிட்டர்ன் போடும்போதுதான் அதைக் காட்ட வேண்டும். அதற்குள் மறந்துவிடுவோம் என்பதால் அந்தப் பிடிஎஃப்-ஐ "2026 நன்கொடை" என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு சின்ன லாபமும் இருக்கிறது. 2025-ல் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கிறவர்களுக்கு (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் பொதுவாக வருமானத்தில் கழிக்கும் தொகை அது; இருவர் சேர்ந்து போட்டால் 31,500 டாலர்), நன்கொடையால் ஃபெடரல் வரியில் எந்தப் பயனும் இல்லை. 2026 முதல் சட்டம் மாறுகிறது. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களும் பணமாகக் கொடுத்த நன்கொடையில் தனிநபர் 1,000 டாலர் வரை, இருவர் சேர்ந்தால் 2,000 டாலர் வரை தனியாகக் கழிக்கலாம். மாநில அரசு பொது நோக்கத்துக்காகப் பெறும் நன்கொடையும் இதில் அடங்கும். அதாவது இந்த ஏப்ரலில் நீங்கள் போடும் 40 டாலர், போன வருடம் போட்டிருந்தால் கிடைக்காத பலனைத் தரும். நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 8 டாலர் 80 சென்ட் மிச்சம். இதற்காகவே யாரும் கொடுக்கப் போவதில்லை, சரி. ஆனால் கணக்கில் விட்டுவிடவும் வேண்டாம்.

வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கழிக்கும், அதாவது ஐடமைஸ் செய்பவர்களுக்கு அதே சட்டம் கொஞ்சம் கையைக் கடிக்கிறது. 2026 முதல் சில கழிவுகள் போன மொத்த வருமானத்தில், அதாவது ஏஜிஐ-யில், 0.5 சதவீதத்தைத் தாண்டிய நன்கொடையை மட்டுமே கழிக்கலாம். 2 லட்சம் டாலர் வருமானம் என்றால் முதல் 1,000 டாலருக்கு ஒன்றும் கிடையாது.

கலிஃபோர்னியா ரிட்டர்ன் வேறு கதை. இங்கே ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் மிகச் சிறியது. 2024-ல் இருவருக்கும் சேர்த்தே 11,080 டாலர்தான். ஃபெடரலில் ஸ்டாண்டர்டு எடுத்தவர்கள்கூட மாநிலத்துக்கு ஐடமைஸ் செய்யலாம், செய்தால் லாபம் வருகிறவர்கள் பே ஏரியாவில் நிறைய. வீட்டுக் கடன் இருந்தால் சாஃப்ட்வேரில் நன்கொடை விவரங்களை "எதற்கு, ஸ்டாண்டர்டுதானே" என்று தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்த ஜனவரியில் ஒரு சின்னக் குழப்பம் வரலாம். ரீஃபண்ட் பற்றிய 1099-ஜி படிவத்தில் 600 இருக்காது, 640 இருக்கும். தவறில்லை. உங்களுக்குத் திரும்ப வரவேண்டியது 640, அதில் 40-ஐ நீங்கள் கொடுத்தீர்கள் என்பதுதான் அவர்கள் கணக்கு. 2025-ல் ஃபெடரலில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுத்திருந்தால் அந்த 640-க்கு ஃபெடரல் வரி கிடையாது. ஐடமைஸ் செய்து மாநில வரியைக் கழித்திருந்தவர்கள் மட்டும் அதில் எவ்வளவு வருமானமாகும் என்று பார்க்க வேண்டும். அப்போது 640-ஐ வைத்தே கணக்குப் போட வேண்டும்.

பட்டியல் ஏன் வருடத்துக்கு வருடம் மாறுகிறது என்றும் சிலர் கேட்பார்கள். இந்த வழக்கத்தைத் தொடங்கியது கொலராடோ, 1977-ல். வனவிலங்குத் துறைகளுக்கு அதுவரை வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணமே முக்கிய வருமானம். யாரும் வேட்டையாடாத பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் செலவழிக்கப் பணமில்லை, அதற்காக வரிப்படிவத்தில் நன்கொடை எழுத ஓர் இடம் சேர்த்தார்கள். அப்புறம் வருமான வரி வாங்கும் மாநிலங்களில் பெரும்பாலானவை அதைப் பின்பற்றின, ஆளாளுக்குத் தங்கள் நிதியைச் சேர்க்கச் சொல்லிப் பட்டியல் நீண்டது. அதனால் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான நிதிகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 2,50,000 டாலராவது சேர வேண்டும். சேராவிட்டால் படிவத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். போன வருடம் இருந்த உங்கள் நிதி இந்த வருடம் காணவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். கோட் எண்ணை நினைவிலிருந்து போடாமல் பெயரைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

அந்தப் பட்டியலில் திரும்ப ஏதாவது கிடைக்கிற ஒன்று கோட் 423, மாநிலப் பூங்காக்கள். 195 டாலர் அல்லது அதற்கு மேல் போட்டால் வாகனத்துக்கான ஓராண்டு பாஸ் வரும். வார இறுதியில் பிள்ளைகளோடு கடற்கரைக்கும் ரெட்வுட் காட்டுக்கும் போகிற குடும்பத்துக்கு இது உபயோகம். இந்த 195-ஐ நன்கொடையாகக் கழிக்க முடியாது, பாஸ் விலைக்கு மேல் கொடுத்ததை மட்டுமே கழிக்கலாம். யோசெமிட்டி தேசியப் பூங்கா என்பதால் அங்கே இந்த பாஸ் செல்லாது. ஆகஸ்டில் ஊர் மாறுகிற நீங்கள் இதை வாங்காமல் இருப்பதே மேல்.

நேரடியாகக் கொடுப்பதா, இதிலேயே கொடுப்பதா? என் அபிப்பிராயம் இது. பத்து, இருபது, ஐம்பது டாலர் என்றால் இது வசதி. தனியாக கார்டு எண் கொடுக்க வேண்டாம், மாதாமாதம் நன்கொடை கேட்டு மெயில் வராது. ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் போர்டும் மாநில கன்ட்ரோலரும் தங்கள் செலவை எடுத்துக்கொண்டபின் மீதி சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். நூற்றுக்கணக்கில் கொடுப்பதாக இருந்தால் நேரடியாகவே கொடுங்கள். கோட் 407-ல் போடும் பணம் மாநில சமூக சேவைத் துறை வழியாக உணவு வங்கிகளுக்குப் போகிறது. உங்கள் கவுன்ட்டியிலேயே செகண்ட் ஹார்வெஸ்ட் உணவு வங்கி இருக்கிறது, அங்கே கொடுத்தால் அன்றே போய்ச் சேரும், கையில் ரசீதும் வரும். 250 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒரே நன்கொடைக்கு, பெற்றுக்கொண்டவர் எழுதித் தரும் ஒப்புகை இல்லாமல் ஃபெடரலில் கழிக்க முடியாது. முக்கியமாக, உங்கள் கம்பெனிகளில் நன்கொடைக்கு மேட்சிங், அதாவது நீங்கள் கொடுக்கும் அளவுக்குக் கம்பெனியும் கொடுக்கும் திட்டம், இருக்கிறதா என்று எச்ஆர் போர்ட்டலில் பாருங்கள். இருந்தால் நீங்கள் போடும் 200 டாலர் 400 ஆகிவிடும். வரிப்படிவத்தில் எழுதிய தொகைக்கு மேட்சிங் கேட்டுப் பெறுவது நடக்கிற காரியமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

80ஜி என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் கோயிலுக்கோ டிரஸ்டுக்கோ நேராக அனுப்பும் பணத்தை, 80ஜி சான்றிதழ் இருந்தாலும், அமெரிக்க ரிட்டர்னில் கழிக்க முடியாது. அமெரிக்காவில் பதிவான 501(சி)(3) தொண்டு அமைப்பு வழியாகப் போனால் கழிக்கலாம். ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ் தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. இங்குள்ள தமிழ்ப் பள்ளி அப்படிப் பதிவாகியிருந்தாலும் பிள்ளைக்குக் கட்டும் ஃபீஸ் நன்கொடையாகாது. அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பது மட்டுமே கணக்கு.

நியூஜெர்சிக்குப் போனபின், 2026-க்கு இரண்டு மாநிலங்களிலும் அந்த ஆண்டில் ஒரு பகுதி குடியிருந்தவராக ரிட்டர்ன் போடுவீர்கள். கலிஃபோர்னியாவில் ஃபார்ம் 540-க்குப் பதில் 540என்ஆர். அதிலும் இந்தப் பட்டியல் இருக்கும், வேண்டாம் என்றால் காலியாக விடுங்கள். நியூஜெர்சி படிவத்தில் இரண்டு வகையும் இருக்கின்றன. கவர்னர் தேர்தல் நிதிக்கு 1 டாலர் கேட்கும் பெட்டியை டிக் செய்தால் வரியும் கூடாது, ரீஃபண்டும் குறையாது. அழியும் நிலையிலுள்ள வனவிலங்கு நிதி, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதி, யுஎஸ்எஸ் நியூஜெர்சி அருங்காட்சியக நிதி போன்றவற்றுக்கு எதிரே எழுதுவது உங்கள் பணத்திலிருந்து போகும். மனைவியோடு சேர்ந்து போட்டால் அந்த 1 டாலர் கேள்வியை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள்.