கல்லுக்கடலில் தலை வைக்க முன்னம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு கல்லுக்கரையில் மீன் பார்ப்பது. லீவுக்கு வந்த சொந்தக்காரர்கள் பெட்டிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் போல. நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவன், இளவயதில் சங்கு குளித்தவன். படித்துப் பட்டம் வாங்கிய சுழியோடி இல்லை. பட்டுத் தெரிந்ததையும், பிறகு கேட்டு விளங்கிக்கொண்டதையும்தான் எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். "ஐயா எத்தனை நிமிஷம் தம் பிடிப்பீர்கள்?" என்று இனி யாரும் எழுத வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

கேள்வி: கனடா மாமா தந்த ஸ்நோர்க்கல் குழாய் ஒரு முழம்கூட இல்லை. அதில் மூன்றடி ஹோஸ் பைப் பூட்டினால் அடியில் நின்று ஆறுதலாகப் பார்க்கலாம் தானே? (19 வயது வாசகர், மல்லாகம்)

பதில்: தம்பி, இதே யோசனை எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது. எங்கள் தோட்டத்தில் இறைப்புத் தொட்டி ஒன்று இருந்தது. பப்பாசி இலைத் தண்டு உள்ளே கோறையாக இருக்கும், தெரியும் தானே. நீளமான தண்டாகப் பார்த்து வெட்டி, வாயில் வைத்துக்கொண்டு தொட்டிக்குள் குப்புறப் படுத்தேன். முகம் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்வரை ராஜா மாதிரி. அடியில் போய்க் குந்தினேன், காற்று வரவே இல்லை. தண்டு அடைத்துவிட்டது என்று நினைத்து இன்னும் மூன்று வெட்டினேன். அம்மா பப்பாசி மரத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தா.

அடைத்தது தண்டு இல்லை, என் நெஞ்சு. ஒரு மீற்றர் ஆழத்தில் உன் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் தண்ணீர் 100 கிராம் கூடுதலாக அழுத்தும். கேட்கச் சின்னக் கணக்குத்தான். நெஞ்சை ஓரடிக்கு ஓரடி என்று வைத்துப் பெருக்கிப் பார், 90 கிலோவுக்கு மேல் வரும். சீமெந்து மூட்டை இரண்டை நெஞ்சில் ஏற்றிவிட்டு மூச்சிழு என்றால் இழுப்பாயா? குழாய்க்குள் இருப்பதோ மேலே உள்ள சாதாரணக் காற்று, அதற்கு அந்த மூட்டைகளைத் தள்ளுகிற பலம் கிடையாது. அது போக, நீளக் குழாய்க்குள் நீ விட்ட கெட்ட மூச்சே தங்கி நின்று திரும்ப உனக்குள் வரும். 35, 40 சென்ரிமீற்றரோடு குழாயை நிறுத்தியிருப்பது இதற்காகத்தான். ஹோஸ் பைப்பைத் தோட்டத்துக்கே கொடு.

கேள்வி: கீரிமலையில் கேணிக்குப் பக்கத்துக் கடலில் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். திடீரென்று எல்லாம் எண்ணெய் பூசியது போல மங்கிவிட்டது. தலையைத் தூக்கிக் கழுவிவிட்டுப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே மங்கல். என் கண்ணாடி பழுதா, கண் பழுதா? (வாசகி, கொக்குவில்)

பதில்: இரண்டும் இல்லை பிள்ளை. எத்தனையோ பேர் கடந்துபோகிற ஒன்றை நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்குகிறது. இறங்கிய நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்று சின்ன வயதில் சொல்லித் தந்திருப்பார்களே, அதே சங்கதிதான். அந்தத் தண்ணீர் கல்லுக்குள்ளாலேயே கரைவரை நடந்து வந்து கடலுக்குள் கசிகிறது. கீரிமலைக் கேணிக்குள் ஊறுவதும் அதுதான். கேணியோடு அது நிற்பதில்லை, பக்கத்துக் கடலிலும் ஊறுகிறது.

நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில் வெளிச்சம் நேராகப் போகாது. சர்பத் கரைக்கும்போது கிளாசுக்குள் நூல் நூலாக நெளியுமே, அந்த நெளிவு உங்கள் முகத்துக்கு முன்னால் நடக்கிறது. அடுத்த முறை கையைக் காலை அடிக்காமல் அப்படியே மிதந்துகொண்டு கிடந்து பாருங்கள். நெளிவு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். கல்லில் விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு இருக்கும், அதன் வாயில் பொடி மணல் துள்ளிக்கொண்டிருக்கும். உள்ளங்கையை அங்கே பிடித்தால் சூடு மாறுவது தெரியும். வாயில் ஒரு துளி பட்டால் உப்புக் குறைவு என்பதும் தெரியும்.

ஒன்று மட்டும். இதே கல்லுத்தான் அரித்து அரித்துக் குகையும் ஆகிறது. கையை வைத்துப் பார்க்கிற ஆசை தலையை வைத்துப் பார்க்கிற ஆசையாக மாறக்கூடாது. மேலே கல் மூடியிருக்கும் எந்த இடத்துக்குள்ளும் மூச்சடக்கிக்கொண்டு போக வேண்டாம்.

கேள்வி: ஒரு ஆள் ஆழத்துக்குப் போனாலே காது குத்துகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகி, அளவெட்டி)

பதில்: பழகாது தங்கச்சி, கிழியும்.

பதினேழு வயதில் எனக்குக் கிழிந்தது. கடும் தடிமன். அன்றைக்கு நான் போகாவிட்டால் வள்ளத்தில் ஒரு ஆள் குறையும், கூலியும் குறையும். மூன்று பாகத் தண்ணீர், அதாவது 18 அடி. பாதி வழியில் காது குத்தத் தொடங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். இடக்காதில் 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு வலி நின்றுவிட்டது, அதுதான் மோசம். காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனதும் உலகம் சுற்றியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மூக்கால் கொஞ்சம் காற்றை விட்டு, குமிழி போகிற பக்கம் பார்த்துப் போனேன். இன்றைக்கும் ரெலிபோனை வலக்காதில்தான் வைப்பேன்.

செய்ய வேண்டியது இதுதான். இறங்கத் தொடங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக மூக்குக்குள் ஊதுங்கள். காதுக்குள் 'கிளிக்' என்று கேட்கும். இரண்டு மூன்று அடிக்கு ஒருதரம், குத்து வருவதற்கு முதலே. குத்தத் தொடங்கிய பிறகு பலமாக ஊதக்கூடாது. கொஞ்சம் மேலே வந்து திரும்ப முயலலாம், சரிவராவிட்டால் அன்றைக்கு மேலே மிதந்து பார்ப்பதோடு நிற்கலாம். தடிமன் இருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கை வெளியே விடுகிற நீச்சல் கண்ணாடியோடும் இறங்க வேண்டாம். மூக்கு கண்ணாடிக்குள் இருந்தால்தான் அதற்குள் காற்று விடலாம், இல்லாவிட்டால் அது கண்ணைப் பிடித்து உறிஞ்சும்.

கேள்வி: இறங்க முன்னம் இருபது முப்பது தரம் வேகமாக மூச்சிழுத்து விட்டால் கூடுதல் நேரம் நிற்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். பலிக்கிறது! நாங்கள் ஐந்து பேர் போட்டி வைக்கிறோம். (உரும்பிராய்ப் பெடியள்)

பதில்: பலிக்கிறதுதான் பயம்.

தண்ணீருக்குள் "மேலே போ, மேலே போ" என்று நெஞ்சு துடிக்கிறதே, அது உடம்பில் ஒட்சிசன் குறைந்ததால் வருவதில்லை. கரியமிலவாயு கூடுவதால் வருவது. வேகமாக மூச்சிழுத்து விட்டால் அந்த வாயு வெளியே போய்விடும், ஒட்சிசன் பெரிதாகக் கூடாது. அதாவது எண்ணெய் அளவு அப்படியே இருக்க, எண்ணெய் முடிகிறது என்று காட்டும் முள்ளை மட்டும் கழற்றி வைத்தது போல. துடிப்பு வருவதற்கு முதலே மயக்கம் வந்துவிடும். அதுவும் அனேகமாக மேலே வரும்போது, கடைசி ஐந்தாறு அடியில். கத்துவதும் இல்லை, கை அடிப்பதும் இல்லை. பார்க்கிறவனுக்கு விளையாடுகிறான் போலவே இருக்கும்.

ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து தமிழ்நாட்டுக் கோடிக்கரைக்குப் போய்த் திரும்பி நீந்திய கரை இது. வீரம் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. ஆனால் அவர் நீந்தியது பக்கத்தில் வள்ளத்தோடு. நீங்கள் ஐந்து பேரும் ஒன்றாக இறங்கினால் மேலே பார்ப்பது யார்? ஒருவர் கீழே, ஒருவர் மேலே கண்ணெடுக்காமல். வந்தவர் தண்ணீருக்கு மேல் நன்றாக மூச்சுவிட்டு முடியும்வரை மேலே நிற்பவர் திரும்பக்கூடாது. கீழே நின்றதைப் போல இரண்டு மடங்கு நேரமாவது மேலே ஆறிவிட்டுத்தான் அடுத்தது. போட்டி வேண்டுமென்றால், யார் கூடுதல் வகை மீன் பார்த்தது என்று வையுங்கள். எத்தனை நிமிஷம் என்று நான் ஏன் சொல்வதில்லை என்பது இப்போது விளங்கும். சொன்னால் அதை முறியடிக்க ஒருவன் இறங்குவான்.

கேள்வி: மார்கழியில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் ஸ்நோர்க்கல் செய்யலாமா? ஆடியில் வந்தால் நல்லதா? (வாசகர், ரொறொன்ரோ)

பதில்: மார்கழி வாடைக்காலம். வடக்குக் கரைக்குக் காற்றும் அலையும் நேரே வரும். தண்ணீர் கலங்கிக் கிடக்கும், உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அலை தூக்கிக் கல்லில் வைத்தால் எங்கள் கல் கத்தி மாதிரி. அந்த நேரம் கோயிலுக்குப் போங்கள், கூழ் குடியுங்கள்.

பங்குனி, சித்திரைதான் கடல் கண்ணாடியாகக் கிடக்கும் காலம். ஆடியில் சோழகம், தென்மேற்குக் காற்று. இதில்தான் ஆட்கள் ஏமாறுவது. சோழகம் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் வடக்குக் கரையோரம் அலையே இருக்காது. குளம் போலக் கிடக்கும். முகத்தைக் குப்புற வைத்து மீன் பார்த்துக்கொண்டிருப்பவரைக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வெளியே கொண்டுபோகும். நிமிரும்போது கரை தூரத்தில் நிற்கும், திரும்பி வருவது காற்றுக்கு எதிரே.

நான் செய்வது: ஒரு பொச்சுமட்டையை (தேங்காய் மட்டை) தண்ணீரில் எறிந்துவிட்டுப் பத்து நிமிஷம் கரையில் குந்தியிருப்பேன். மட்டை எங்கே போகிறதோ அங்கேதான் நானும் போவேன். அது வெளியே போனால் நான் வீட்டுக்குப் போவேன். அந்தப் பத்து நிமிஷத்தில் ஏறுகிற இடத்தையும் பார்த்துவைப்பேன். கல்லுக்கரையில் இறங்குவதற்கு எந்த இடமும் சரிவரும், ஏறுவதற்குத்தான் இடம் தேட வேண்டும். வள்ளங்கள் ஓடுகிற பக்கம் என்றால் ஒரு செம்மஞ்சள் கானைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். மோட்டார் வைத்த வள்ளத்திலிருந்து பார்த்தால் மனிதத் தலை தேங்காய் மாதிரித்தான் தெரியும்.

போரால் மயிலிட்டியை விட்டு 1990இல் நாங்கள் கிளம்பினோம். இராணுவத்திடமிருந்து துறைமுகப் பக்கம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. வீடு நின்ற இடம் எது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணித்தியாலம் சென்றது. ஆனால் கரையில் நாங்கள் ஏறுகிற கல், குதிக்கால் வைக்கிற அந்தக் குழியோடு, அப்படியே கிடந்தது. கேள்விக்கு வெளியே போய்விட்டேன், சரி.

கேள்வி: சுறா கடிக்குமா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: நான் பயப்படுவது அறுந்த தங்கூசி (நைலோன்) வலைக்கு. அடுத்தது ஒரா மீனின் முள்ளுக்கு. சுறா அதற்குப் பிறகு எங்கேயோ.

கேள்வி: கடல் முள்ளெலியை மிதித்துவிட்டேன். கறுப்பு முள் உள்ளே முறிந்து நிற்கிறது. மூத்திரம் விட்டால் கரையும் என்கிறார்கள். (வாசகர், தெல்லிப்பழை)

பதில்: கரையாது, மணக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் எடுத்துக் காலை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருங்கள். சூட்டை முதலில் மற்றக் காலால் பாருங்கள், வலிக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஒராவோ திருக்கையோ குத்தினாலும் முதல் வைத்தியம் இதுதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை மட்டும் பிடுங்குங்கள். ஊசியால் தோண்டினால் இன்னும் நொறுங்கும். மூட்டுக்குக் கிட்ட நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரி. ஏற்பு ஊசி (ரெற்றனஸ்) கடைசியாக எப்போது போட்டது என்றும் யோசியுங்கள். இனிமேல் தடித்த அடியுள்ள றப்பர்ச் சப்பாத்து.

கேள்வி: அப்படியே இரண்டு சங்கு, ஒரு சிங்கிறால் பிடித்து வரலாமா? ஈட்டித் துப்பாக்கி ஒன்று கிடைக்கும். (பெயர் போடவேண்டாம் என்றவர்)

பதில்: பெயர் போடாதது புத்தி. ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடிப்பது இலங்கையில் தடை. சங்குக்கும் கடலட்டைக்கும் குளிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். முட்டையோடு நிற்கும் சிங்கிறாலைத் தொடக்கூடாது, முருகைக்கல்லை உடைக்கக்கூடாது. சந்தையில் வாங்குங்கள், மலிவு.

கேள்வி: எனக்கு 11 வயது. அப்பா கடலுக்கு விடமாட்டார். வீட்டில் பழகலாமா? (வாசகி, இணுவில்)

பதில்: அப்பா சரி. ஆனால் வீட்டிலும் பழகலாம், அம்மா பக்கத்தில் நிற்க. கண்ணாடியின் உள்பக்கம் கொஞ்சம் துப்பி விரலால் தேய்த்துவிட்டு ஒருதரம் அலசு, ஆவி படியாது. சிரிக்காதே, பெரிய சுழியோடிகளும் இதைத்தான் செய்கிறார்கள். பெரிய பேசின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, குழாயை வாயில் வைத்து, முகத்தை மட்டும் உள்ளே வை. முதல் இரண்டு மூச்சும் பயமாக இருக்கும். பத்தாவது மூச்சில் மறந்துவிடும்.

பேசினுக்குள் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி போட்டுப் பார். அதே மாதிரி இன்னொரு குற்றியை வெளியே மேசையில் வை. உள்ளே கிடப்பது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அளந்து எனக்கு எழுது.