சப்பாத்திக்கள்ளி: மட்டை வாங்கியவர்களின் சந்தேகங்கள்

கேள்வி: பழத்துக்காக முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி மட்டை மூன்று ஆன்லைனில் வரவழைத்தேன். வேரே இல்லை, ஓரமெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. திருப்பி அனுப்பலாமா? நட்டால் பிழைக்குமா?

பதில்: மட்டை வேரில்லாமல்தான் வரும். சுருக்கமும் குறையல்ல. பயணத்தில் நீர் வற்றியிருக்கிறது, வேர் பிடித்ததும் மறுபடி புடைத்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது வெட்டுவாயை. காய்ந்து தழும்பு கட்டியிருந்தால் நல்ல மட்டை. பழுப்பாக, ஈரமாக, விரல் வைத்தால் கொழகொழவென்று உள்வாங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. அதற்குத் தாராளமாகப் பணம் திரும்பக் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைப்பது நல்லது. புகார் வந்து சேர்ந்ததை விற்பனைத் தளம் 48 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

இனி நடவு. வெட்டுவாய் ஆறாமல் இருந்தால் நிழலில் காற்றாட ஒன்று முதல் இரண்டு வாரம் வையுங்கள். அவசரப்பட்டு நட்ட மட்டைதான் அடியில் அழுகுகிறது. 12 அங்குல மண்தொட்டி, அடியில் பெரிய துளை. கலவை: பருமணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் அரைப் பங்கு. தென்னைநார்க் கழிவு வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மட்டையின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். அகன்ற முகங்கள் கிழக்கும் மேற்கும் பார்த்தால் காலை, மாலை வெயில் முழுதாகக் கிடைக்கும். ஆடினால் இருபுறமும் கல்லை அண்டக் கொடுங்கள்.

முதல் பத்து நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு மண் முழுக்கக் காய்ந்த பின் ஒருமுறை. ஒரு மாதம் கழித்து மெல்ல அசைத்துப் பாருங்கள்; பிடிமானம் தெரிந்தால் வேர் விட்டாயிற்று. கோடையில் வாரம் ஒரு தண்ணீர் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் இழுத்துவிடுங்கள். புது மட்டை ஒல்லியாக, வாள் போல நீண்டு வந்தால் வெயில் போதவில்லை என்று பொருள். பழத்துக்கு இரண்டு மூன்று வருடமாவது பொறுக்க வேண்டும். ஆறே மாதத்தில் காய்க்கும் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள்.

‘முள்ளில்லா’ என்பதையும் பாதிதான் நம்ப வேண்டும். பெரிய முள் இருக்காது. கண்ணில் படாத சுணை இருக்கும். காகிதத்தை மடித்துப் பிடித்துத் தூக்குங்கள். விரலில் ஏறிவிட்டால் தேய்க்காமல் செல்லோடேப் ஒட்டி உரியுங்கள்.

கேள்வி: நர்சரியில் வாங்கிய கள்ளியில் வெள்ளைப் பஞ்சு போலப் படிந்திருக்கிறது. பூஞ்சையா?

பதில்: ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ரத்தம் போலச் சிவப்பாக வந்தால் கொச்சினீல் பூச்சி. சாதாரணமாக நினைக்காதீர்கள்: தென்னிந்தியாவில் மண்டிக் கிடந்த காட்டுக் கள்ளியை ஒழிக்கவே 1926-இல் இந்த இனத்தில் ஒன்றை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது வேலையைச் செய்தும் காட்டியது.

பஞ்சு மெழுகாலானது, மேலே மருந்து தெளித்தால் வழிந்து ஓடிவிடும். முதலில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, தண்ணீரை விசையாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் மட்டை பொசுங்கும். வாரம் ஒன்றாக மூன்று முறை. மிக மோசமான மட்டையைக் கணுவில் வெட்டிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது மட்டைகள் சேரும் கணுவைப் பார்த்து வாங்குங்கள். பூச்சி ஒளிவது அங்கேதான்.

கேள்வி: உச்சியில் மஞ்சள் பூவோடு சின்னக் கள்ளி வாங்கி இரண்டு மாதமாகிறது. பூ வாடவே இல்லை!

பதில்: வாடாது. அது வேறொரு செடியின் பூவைக் காயவைத்துச் சூட்டுப் பசையால் ஒட்டியது. உண்மையான சப்பாத்திக்கள்ளிப் பூ ஓரிரு நாளில் கூம்பிவிடும். ஒட்டிய இடத்தில் வளர்ச்சி தடைபடும். தானாகப் பிரிந்தால் எடுங்கள். பிய்த்தால் தோல் கிழிந்து புண்ணாகும்.

கேள்வி: சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று நாகதாளி (சப்பாத்திக்கள்ளி) பழ ஜூஸ் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளை விற்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த வரி லேபிளில் இருந்தாலே பாட்டிலைத் திரும்ப வைத்துவிடலாம். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்மானங்களை அளவு அதிகமானதில் தொடங்கித்தான் அச்சிட வேண்டும். தண்ணீரும் சர்க்கரையும் முன்னால் நின்றால் நீங்கள் வாங்குவது சர்பத். இந்தப் பழம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கவும் கூடும் என்பதால், மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

பழமாகவே கிடைத்தால் இடுக்கியால் பிடித்துத் தணலில் சுணை பொசுங்கும்வரை வாட்டி, கழுவி, தோலுரித்து, சாற்றை வடிகட்டிக் குடியுங்கள். விதையோடு நிறையத் தின்றால் குடலில் கட்டிக்கொண்டு மலம் இறுகும். மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பதற வேண்டாம், அது பழத்தின் நிறம்.